ஆளைக் காட்டியாச்சு, கடையும் கைமாறியாச்சு... தரகருக்குப் பணம் உண்டா?

"கடைக்கு ஆள் பிடிச்சுக் கொடுங்க, 5 விழுக்காடு தர்றேன்."

தேக்காவில் உணவகம் நடத்தும் ஒருவர் தெரிந்தவரிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவரும் அலைந்து ஒருவரைக் கூட்டி வருகிறார். 6 மாதம் கழித்து, வந்தவரும் உரிமையாளரும் நேரடியாகப் பேசிக் கடையைக் கைமாற்றிவிடுகிறார்கள்.

"நாங்களே பேசி முடிச்சோம், உங்களுக்கு எதுக்கு கமிஷன்?"

தரகர் பணம் கேட்கலாமா?

கேட்கலாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் நீதிமன்றம் பொதுவாக ஒன்றைக் கேட்கும்: விற்பனை நடந்ததற்கு அவருடைய அறிமுகம்தான் முக்கியக் காரணமா? 'ஆம்' என்றால், கடைசிப் பேச்சில் அவர் இல்லாதது பெரிய குறை அல்ல. வாங்குபவர் ஒருமுறை வேண்டாம் என்று ஒதுங்கி, பிறகு வேறு வழியாகத் திரும்பி வந்திருந்தால் தரகரின் வாதம் பலவீனமாகும்.

உழைப்புக்குக் கூலி இல்லையா?

இங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தரகுப் பணம் உழைப்புக்கு அல்ல, பேசிய முடிவு கிடைத்தால்தான்.

பிரிட்டனில் ஒரு வழக்கு. கட்டடம் 6.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றால், வாங்குபவரை அறிமுகம் செய்தவருக்கு 1.2 மில்லியன் பவுண்டு என்று வாய்மொழியாகப் பேசினார்கள். அவர் தொழில்முறைத் தரகர் அல்ல. அவர் காட்டியவரே வாங்கினார். ஆனால் விலை 6 மில்லியனுக்கு இறங்கிவிட்டது. விலை குறைந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 435,000 பவுண்டு தரச் சொன்னது. 2023இல் உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. கிடைத்தது: ஒன்றுமில்லை.

2019இல் அதே நீதிமன்றம் இன்னொரு முகவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் 2 விழுக்காடு என்று சொல்லியிருந்தார், எப்போது கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. விற்பனை முடிந்ததும், வரும் பணத்திலிருந்து என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள் என்றது நீதிமன்றம்.

அதாவது, விட்டுப்போன சிறு விவரத்தை நீதிமன்றம் நிரப்பலாம். பேசாத பேரத்தை உங்களுக்காகப் பேசாது. பிரிட்டிஷ் தீர்ப்புகள் சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்குள்ள ஒப்பந்தச் சட்டத்தின் வேர் அங்கேதான்.

கைகுலுக்கும் முன் என்ன செய்யலாம்?

ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்புங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- எத்தனை விழுக்காடு? விலை குறைந்தாலும் அதேதானா?
- பணம் எப்போது? கையெழுத்தானதுமா, முழுத்தொகை வந்த பிறகா?
- உரிமையாளர் மனம் மாறி விற்காவிட்டால்?
- அறிமுகம் செய்து எத்தனை மாதம் வரை கேட்கலாம்?

கடையின் வாடகை ஒப்பந்தமும் கைமாறினால், சொத்து முகவர்களுக்கான சட்டம் பொருந்துமா என்றும் பாருங்கள்.

தகராறு வந்தால்?

சேவை ஒப்பந்தம் தொடர்பில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு 2 ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது. உங்களுக்காகப் பேசப்போவது அந்த வாட்ஸ்அப் செய்திதான்.