வானம் பார்க்க ஓர் ஆன்டெனா

ஆனி மாதம் ஆய்க்குடி வயலில் நிற்கும் எவருடைய பார்வையும் மேற்கேதான் போகும். மேக்கரை மலை கறுத்திருந்தால் அனுமன்நதியில் தண்ணீர் வரும், கார் நெல்லுக்குக் கவலையில்லை. ஆனால் மலையில் கொட்டுகிற மழை வயலுக்கு வரும்போது சாரலாகிவிடுகிறது. கிழக்கே சுரண்டைப் பக்கம் போனால் வெறும் காற்றுதான். முப்பது கிலோமீட்டருக்குள் மூன்று விதமான வானிலை. “இன்று யூரியா போடலாமா, நாளை மருந்து அடிக்கலாமா?” என்ற கேள்விக்கு, மாவட்டம் முழுமைக்கும் பொதுவான ஒரு வரி முன்னறிவிப்பு போதாது.

இந்த இடத்தில்தான் ஓர் எளிய தொழில்நுட்பத்தை விவசாயிகளும் பள்ளிகளும் கவனிக்க வேண்டும். வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படத்தை நம் வீட்டு மொட்டைமாடியிலேயே நேரடியாகப் பெற முடியும்.

இது புதிதல்ல. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-8 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள், தான் எடுத்த படத்தை அப்போதே கீழே அனுப்பியது. ரிசீவர் வைத்திருக்கும் எவரும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கடவுச்சொல்லும் இல்லை, கட்டணமும் இல்லை. அதே மரபில் நோவா-15, 18, 19 ஆகிய செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகள் உலகெங்கும் ஆர்வலர்களுக்குப் படம் அனுப்பின. வயதான அந்த மூன்றும் 2025 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. எளிய முறையில் இன்று பிடிக்கக் கூடியவை ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசைச் செயற்கைக்கோள்கள். நோவா தந்த எளிய படத்தில் 4 கிலோமீட்டர் அளவுக்குத்தான் நுணுக்கம் தெரியும். மீட்டியோர் படத்தில் 1 கிலோமீட்டர் வரை தெரியும்.

தேவையானவை மூன்றே. கணினியில் டிவி பார்ப்பதற்காக வந்த, பென் டிரைவ் அளவிலான ரிசீவர் ஒன்று. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். தலா 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகள். அவற்றை 120 பாகைக் கோணத்தில் ‘வி’ வடிவில் படுக்கையாகப் பொருத்தினால் அதுவே ஆன்டெனா. அடுத்து, சாட்டம்ப் போன்ற இலவச மென்பொருள் உள்ள ஒரு மடிக்கணினி. எஃப்.எம். வானொலிக்குச் சற்று மேலே, 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டி செயற்கைக்கோளின் குரல் கேட்கும். அது சுமார் 820 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் கடந்து போகிற பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் படம் வரி வரியாகத் திரையில் விரியும்.

தென்மேற்குப் பருவத்தில் அந்தப் படம் நமக்குக் கற்றுத்தருவது அதிகம். அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் கேரளத்தை மூடி, மலைமுகட்டில் கத்தரித்தது போல நிற்பதைக் காணலாம். தென்காசிக்குச் சாரல் ஏன், சங்கரன்கோவிலுக்கு வெயில் ஏன் என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இலங்கைக்குத் தென்கிழக்கே திரளும் மேகக் கூட்டத்தைப் பார்த்தால், பிசான நெல்லுக்கு மேலுரம் இடுவதைத் தள்ளிப்போடலாம். சின்ன வெங்காயம் பிடுங்குவதை முன்னதாகவே முடித்துவிடலாம்.

அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேகப் படம் மழைப் படம் அல்ல. அகச்சிவப்புப் படத்தில் வெள்ளை வெளேரென்று தெரிவது குளிர்ந்த, உயரமான மேகம். அது மழையே தராத மெல்லிய மேகமாகவும் இருக்கலாம். நம் சாரல் மேகமோ தாழ்வானது. படத்தில் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் வயலை நனைத்துவிடும். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவதும் நாளுக்குச் சில முறைதான். அடுத்த இரண்டு மணி நேரத்தில் வரும் மழையை அது சொல்லாது. அதற்கு ரேடார் வேண்டும்.

“இன்சாட் படம் கைபேசியிலேயே வருகிறதே, இந்தப் பாடு எதற்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் உள்ளிட்ட நம் செயற்கைக்கோள்களின் படங்களை வானிலைத் துறை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. சாதாரண நாளில் அதுவே சிறந்தது. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல ஊர்களில் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்ற பயணிகளுக்கு உதவி சேரவே நாட்கள் பிடித்தன. எந்த நாளில் தகவல் உயிர் காக்குமோ, அந்த நாளில்தான் இணையம் இருப்பதில்லை. மடிக்கணினியில் மின்சாரம் மிச்சமிருந்தால் இந்த ஆன்டெனா அன்றும் வேலை செய்யும்.

நம் கவலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024 மார்ச்சோடு நாடெங்கும் நிறுத்தப்பட்டன. செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிவுரையை வட்டார மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்பச் சொல்ல ஆள் வேண்டும். செயற்கைக்கோள் எத்தனை ஏவினாலும், அந்த ஆள் இல்லையென்றால் தகவல் வயலுக்கு வந்து சேராது. இந்த அலகுகளை நிரந்தரப் பணியிடங்களுடன் மீண்டும் நிறுவுவது அரசின் கடமை. எளிய ரிசீவரில் பிடிக்கக்கூடிய நேரடி ஒளிபரப்பு ஒன்றை நம் அடுத்த வானிலைச் செயற்கைக்கோளில் சேர்ப்பது பற்றியும் இஸ்ரோ யோசிக்கலாம்.

ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆன்டெனாவும் ஒரு மழைமானியும் இருக்கட்டும். மாணவர்கள் படத்தைப் பிடித்து, அன்றைய மழையளவோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதட்டும். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு 40,000 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு தெரிந்த பிள்ளை, வீட்டில் மோட்டார் போட வேண்டுமா வேண்டாமா என்று அப்பாவிடம் சொல்லும். இரண்டு மூன்று பருவம் படத்தையும் மழையளவையும் ஒப்பிட்டு வந்தால், எந்த மேகம் நம் ஊருக்கு மழை தரும், எது தராது என்ற அறிவு அந்த ஊருக்கே சொந்தமாகும்.

மேற்கு மலையைப் பார்த்து மழை சொன்ன பெரியவர்களின் அறிவு வீண் அல்ல. அவர்களின் கண்ணுக்கு எட்டாத மலையின் மறுபக்கத்தைப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். விதைப்பும் அறுப்பும் இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.