83 வயதில் பார் மிட்ஸ்வா

'ஸ்பார்டகஸ்' (1960) பார்த்தவர்களுக்கு கிர்க் டக்ளஸைத் தெரிந்திருக்கும். ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. நிஜப் பெயர் இஸுர் டேனியலோவிச். பெயரை மாற்றிக்கொண்டு ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அவருக்கு மதம் என்பது வருடத்துக்கு ஒரு நாள், யோம் கிப்பூர் அன்று பட்டினி கிடப்பது. அவ்வளவுதான். 1991-ல் அவர் போன ஹெலிகாப்டரும் ஒரு சிறு விமானமும் மோதிக்கொண்டன. விமானத்தில் இருந்த இரண்டு பேர் இறந்துபோக, இவர் பிழைத்தார். அதற்கப்புறம்தான் தோராவை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தார். 1999-ல், 83 வயதில், இரண்டாவது முறையாக பார் மிட்ஸ்வா! பையன்களுக்கு 13 வயதில் நடக்கிற சடங்கு அது. மனித ஆயுள் 70, பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் 83-ல் திரும்பவும் 13. நல்ல கணக்குதான்.

கடைசிக் காலத்தில் வந்த பயம் என்று இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் இருபது, முப்பது வயதுக்காரர்களும் இப்படித் திரும்புகிறார்களே? அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் 1960-களின் கடைசியிலிருந்து இது ஒரு இயக்கமாகவே வளர்ந்தது. பாரம்பரியச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தாலே ஒருவர் யூதர்தான், கடவுளை நம்பாவிட்டாலும். அப்புறம் எதற்கு இந்தக் கஷ்டமெல்லாம்? பிறப்பு ஒரு பெயரைக் கொடுக்கிறது. அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் விளக்கேற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கை வந்தபிறகுதான் ஏற்ற வேண்டும் என்று அந்த மதமே அடம் பிடிப்பதில்லை.

மறுநாள் இரவு நட்சத்திரம் தெரியும்வரை எழுதக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, காசைத் தொடக்கூடாது. கறாரானவர்கள் ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டார்கள். செல்போன் சும்மா கிடக்கும்!

பெரிய வம்பு சமையலறையில்தான். கோஷர் விதிப்படி பாலும் இறைச்சியும் சேரக்கூடாது, பாத்திரம்கூடத் தனித்தனி. பன்றி, இறால், நண்டு கிடையவே கிடையாது. இதெதுவும் பார்க்காத வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒருநாள் வந்து, "அம்மா, இந்தத் தட்டில் சாப்பிட மாட்டேன்" என்றால்? இருபது வருஷம் சமைத்துப் போட்டவளுக்கு அது பக்தியாகத் தெரியாது, அவமானமாகத்தான் தெரியும். தாய் தந்தையை மதிப்பதும் பத்துக் கட்டளைகளில் ஒன்று என்பதைப் புது ஆர்வத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். புதுசாக ஒரு சட்டியும் இரண்டு தட்டும் வாங்கி அம்மா வீட்டில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். (மீதிப் பாதி, அந்தச் சட்டியில் அம்மா என்ன சமைக்கிறாள் என்பது :-))

மொத்தம் 613 கட்டளைகளாம். விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை விட்டால் வேஷம் என்று மதம் பார்க்காதவர்களும் கேலி செய்வார்கள், தீவிரமாகப் பார்ப்பவர்களும் கேலி செய்வார்கள். இது நியாயமே இல்லை. ஜெருசலேம் கோயில் கி.பி. 70-ல் இடிக்கப்பட்டதால் பலி சம்பந்தமான கட்டளைகளை இன்று எந்த ரபியாலும் நிறைவேற்ற முடியாது. தவணை முறையில் வீடு வாங்குகிறவனை யாரும் ஏமாற்றுக்காரன் என்பதில்லையே!

ஜெர்மன் தத்துவவாதி ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் கிறிஸ்தவராக மாற இருந்தவர். 1913-ல் மனதை மாற்றிக்கொண்டு யூதராகவே நின்றார். 1920-ல் பிராங்பர்ட்டில் பெரியவர்கள் படிக்க ஒரு யூதக் கல்விக்கூடமும் தொடங்கினார். தொழும்போது கையிலும் நெற்றியிலும் கட்டுகிற தெஃபிலினை நீங்கள் கட்டுவதுண்டா என்று அவரிடம் கேட்டார்களாம். "இன்னும் இல்லை" என்றாராம்.