பகிரங்கம் எது?

சர்க்கார் காரியாலயங்களில் இந்நாளில் “வெளிப்படைத்தன்மை” என்னும் பதம் வெகு தாராளமாகப் புழங்குகிறது. தேசிய இயக்க காலத்துப் பத்திரிகைகள் வழங்கிய சொல் “பகிரங்கம்” என்பது. பகிரங்கக் கூட்டம், பகிரங்க விசாரணை, பகிரங்கக் கடிதம் என்றெல்லாம் எழுதினார்கள். இரண்டும் ஒன்றே என்று அகராதிக்காரர் சொல்லக்கூடும். நாம் அதை ஒப்புவதற்கில்லை. பகிரங்கம் என்பது ஒரு காரியம் நடக்கும் விதம். நாலு பேர் கண்ணெதிரே, அவர்களுக்கு விளங்கும்படி நடந்தாலன்றி அதற்கு அப்பெயர் பொருந்தாது. தன்மையோ, கேட்பாரில்லாத இடத்திலும் ஒருவர் தமக்கு உண்டென்று சொல்லிக்கொள்ளக் கூடியது.

இது வெறும் வார்த்தைச் சண்டையென்று கருதும் நேயர்கள் ஏற்காட்டைப் பார்க்கட்டும். சேர்வராயன் மலையின் பாக்ஸைட் வெகு காலம் வெட்டியெடுக்கப்பட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. 2008-ல் அங்கே உற்பத்தி நின்றது. இவ்விதச் சுரங்கத்துக்குத் திறந்தவெளிச் சுரங்கம் என்று பெயர். மலையின் வயிறு ஊரறியத் திறந்து கிடக்கும். அதைத் திறக்க அநுமதி தரும் காகிதங்களோ அப்படித் திறந்து கிடப்பதில்லை.

2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிப்பின்படி, பெரிய சுரங்கம் தோண்டுமுன் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். ஆனால் ஸ்தல பாஷையில் தரவேண்டுமென்று அது விதிப்பது அறிக்கையின் சுருக்கத்தைத்தான். எந்தச் சுனைக்கு ஆபத்து, எந்த வழியாக லாரி போகும் என்ற விவரங்களைத் தேடுகிறவன் இங்கிலீஷ் அறிக்கையைப் புரட்ட வேண்டும். இம்மலையின் பூர்வ குடிகளான மலையாளிகள் (பெயரைக் கண்டு கேரளத்தார் என்று மயங்க வேண்டாம்) பேசுவது தமிழ். அவர்களுக்கு அந்த அறிக்கை பூட்டிய பெட்டிதான்.

அவ்வறிவிப்பையே மாற்றும் வரைவை 2020-ல் மத்திய சர்க்கார் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் வெளியிட்டது. எட்டாவது அட்டவணையின் 22 பாஷைகளிலும் அதை மொழிபெயர்க்கும்படி டில்லி ஹைகோர்ட்டு ஜூன் 30-ல் உத்தரவிட்டது. அதன்படி நடப்பதை விட்டு, சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டிற்று! மொழிபெயர்ப்புக்கு ஆகும் செலவா அவர்களை அவ்வளவு தூரம் விரட்டியது?

தகவலறியும் உரிமைக்கு 1997-லேயே சட்டம் செய்த மாகாணம் நம்முடையது. விலக்குகள் மலிந்த சட்டமாயினும் தேசத்துக்கே முந்தியது. 2005-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தின் 4-ஆவது பிரிவோ, யாரும் மனுப் போடுமுன் அதிகாரிகள் தாமே தகவல்களை வெளியிட வேண்டுமென்றும், அப்படி வெளியிடுகையில் ஸ்தல பாஷையைக் கருத வேண்டுமென்றும் கூறுகிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. இனி சேர்வராயன் மலையில் சுரங்கத்துக்கென ஒரு கடப்பாரை விழுமுன், அறிக்கை முழுவதையும் தமிழாக்கி, மலைக் கிராமங்களின் கிராம சபைகளில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஜில்லா அதிகாரிகள் இதற்குப் புதுச் சட்டம் எதையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.