போர்வைக்கு எந்தத் துணி?



அங்கன்வாடிப் பிள்ளைகள் மதியம் படுத்துத் தூங்க நம்ம வகுப்பில் பழைய துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கப் போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். தையல் டீச்சர் "வீட்டில் இருக்கிற பழைய துணி கொண்டு வாங்க" என்று சொன்னதிலிருந்து மூட்டை மூட்டையாக வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. ஆகவே இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

என் கருத்து இதுதான். போர்வைக்குப் பருத்தித் துணி மட்டும் போதும். பூனம் சேலை, ஷிபான், ஜிகினா வைத்த சுடிதார், ஜரிகைப் பாவாடை இதெல்லாம் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

இதைச் சொன்னதும் "இவ பெரிய டெய்லரு" என்று சிலர் சிரித்தார்கள். காரணத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிங்க!

நம்ம வீடுகளில் பிறந்த குழந்தையை எதில் சுற்றுகிறோம்? பழைய நூல் சேலையில். தொட்டில் எதில் கட்டுகிறோம்? அதுவும் பழைய நூல் சேலைதான். கையில் காசு இல்லாததால் மட்டும் அப்படிச் செய்யவில்லை. பல தடவை துவைத்த பருத்தி மெத்துன்னு இருக்கும், வியர்வையை உறிஞ்சும். பாலியெஸ்டர் துணி தண்ணீரை உறிஞ்சுவதே இல்லைன்னு சொல்லலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு துணியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்க. சித்திரை வெயிலில் அந்தத் துணிக்குள் இரண்டு வயசுப் பிள்ளை எப்படித் தூங்கும்?

எது பருத்தி, எது கலப்பு என்று கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அறிவியல் சார் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு துணியிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தோம். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலானது. பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறினதும் கடுகு மாதிரி கெட்டி மணியானது. என் பழைய சீருடைச் சட்டை நூலில் சாம்பலும் இருந்தது, மணியும் இருந்தது. கலப்பு நூல்! (தயவுசெய்து யாரும் வீட்டில் தனியாக இதைச் செய்யாதீங்க. ஒரு நூல்தான், துணியை அல்ல.)

இன்னொன்று, பழசு புதுசைவிட நல்லது. புதுப் பருத்தி முதல் துவையலில் சுருங்கும், சிவப்பும் நீலமும் சாயம் விடும். பழையது சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, விட வேண்டிய சாயத்தையும் விட்டிருக்கும். பாலியெஸ்டரும் புதுப் பருத்தியும் ஒட்டித் தைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. போர்வை முகம் கோணின மாதிரி ஆயிடும்.

அதுக்காக எல்லாப் பழசும் ஆகாது. எங்க அம்மாயி துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாங்க. சல்லடை மாதிரி தெரிந்தால் மேலே போட மாட்டாங்க. இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி இழுத்துப் பார்ப்பாங்க. கிழிகிற இடத்தை வெட்டிப் போட்டு, இடுப்பில் சொருகுகிற உள்சுற்றையும் முந்தானையையும் எடுத்துக்குவாங்க, அங்கேதான் தேய்மானம் குறைவு. ஒரு சேலை சுமார் ஐந்தரை மீட்டர். மீட்டருக்குச் சற்று மேலாக வெட்டினால் 5 துண்டு வரும். மெலிந்த துண்டு நடுவில், உறுதியானது மேலும் கீழும் என மூன்று அடுக்கு வைத்து ஓட்டுத் தையல் போட்டால் சின்னப் பிள்ளைக்கு ஒரு போர்வை. பனியன் துணி இழுத்தால் நீளும், அதனால் அடுக்கு நகர்ந்துவிடும். ஜீன்ஸ் துணியில் நம்ம கை ஊசி இறங்காது.

எங்க அம்மா மட்டும் என்னோடு சண்டை. "சின்தடிக் சீக்கிரம் காயும், பிள்ளைங்க ஈரம் பண்ணுமே" என்றார்கள். உண்மைதான். மழைக் காலத்தில் மூன்று அடுக்குப் பருத்தி ஒரே நாளில் காயாது. அதனால் கனமாக ஒன்று தைக்காமல், மெல்லிசாக இரண்டு தைக்கலாம் என்பது என் யோசனை. ஒன்று கொடியில் கிடக்கும்போது மற்றது பிள்ளைக்கு.

"சென்னிமலை பெட்ஷீட் இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும்போது கந்தல் எதுக்கு?" என்று பத்தாம் வகுப்பு அண்ணன்கள் கேட்டார்கள். காசு சேர்த்து வாங்கித் தந்தால் தறிக்காரர்களுக்கும் நல்லதுதான், யார் வேண்டாங்கிறா? ஆனால் கந்தல் என்று இளக்காரமாகச் சொல்ல வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைக்கிறதுதான் காந்தா. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் வயலில் உழைத்துக் கிழிந்த உடுப்புகளில் தைத்த போர்வைகளை அந்த நாடு 2006-இல் தபால் தலையாகவே வெளியிட்டது.

இப்போது சொல்லக் கஷ்டமான விஷயம். நம்ம வகுப்புத் தோழி ஒருத்தி வெளுத்துப்போன வாயில் சேலை கொண்டு வந்தாள். மேசை மேல் பளபளன்னு கிடந்ததைப் பார்த்துவிட்டு, பையைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போனாள். அவள் பாட்டி கட்டின சேலை. மூட்டையில் வந்ததில் அதைவிட நல்ல துணி ஒன்றுகூட இல்லை. நான் அன்றைக்குப் பின்னாலேயே ஓடிச் சொன்னேன், அவள் நம்பவில்லை.

"பருத்தி மட்டும்னா பருத்தி இல்லாத வீடு என்ன செய்யும்?" என்று ஒரு டீச்சர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இப்போ நல்ல நூல் சேலை விலை பூனம் சேலையைவிடக் கூடுதல். ஆனால் பழைய வேட்டியோ கைலியோ துண்டோ இல்லாத வீடு குறைவு. பருத்தி நைட்டி, உள்பாவாடைகூட ஆகும். அதுவும் இல்லையென்றால் ஊசி பிடிக்க வாங்க. தைக்கத்தான் ஆளே இல்லை! பூனம் சேலைகளை ஆண்டு விழா மேடைக்குத் திரையாகக் கட்டலாம் என்று டீச்சர் சொல்லிட்டாங்க.

வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வாங்க. துவைத்து வெயிலில் காய வைத்து, பட்டன், ஊக்கு, கொக்கி எல்லாம் பிரித்துத் தாங்க. வாயில் சேலைக்காரியே, உன்னுடையதைத்தான் முதல் போர்வைக்கு மேல் துணியாகப் போட இடம் விட்டு வைத்திருக்கேன்.

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி