பாடம் முடிந்ததா, பிள்ளை படித்ததா?

சில வாரங்களுக்கு முன் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் செல்போனை என் முன்னால் நீட்டினார். "சார், இதைப் பாருங்க. என் பேத்தி படிக்கிற ஸ்கூல்ல வருஷம் பூரா என்ன நடத்தப் போறாங்கன்னு ஜூன்லயே அனுப்பிட்டாங்க. எவ்வளவு ஒழுங்கு!" என்றார். முகத்தில் பெருமை.

வாங்கிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு, தமிழ். ஜூன் மாதம் உயிரெழுத்து பன்னிரண்டு. ஜூலை மாதம் மெய்யெழுத்து பதினெட்டு. ஆகஸ்டில் க வரிசை முதல் ட வரிசை வரை. இப்படியே போய் டிசம்பரில் 247 எழுத்தும் முடிந்துவிடுகின்றன. ஜனவரியில் இருந்து பாடம்.

அன்று சாயங்காலம் அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். க, கா, கி, கீ என்று கௌ வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். மேசை மேல் காலி பால் பாக்கெட் கிடந்தது. அதில் 'பால்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. "இது என்னம்மா?" என்று கேட்டேன். பாக்கெட்டைப் பார்த்து "பால்" என்றாள். அதே சொல்லை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் காட்டினேன். விழித்தாள். தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

குழந்தை மேல் தப்பில்லை. நல்ல சூட்டிகையான பெண். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் மேலும் முழுத் தப்பில்லை. அந்தப் பட்டியல் மேல்தான் தப்பு. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நம்மேலும் தப்பு. இதை நான் கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். காரணம், முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன்.

1990-களின் தொடக்கம். நான் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆண்டாய்வுக்கு அதிகாரி வந்தார். வேலைத் திட்டத்தையும் பாடக் குறிப்பேட்டையும் புரட்டினார். எல்லாம் தேதிப்படி சரியாக இருந்தது. "ஒரு பையனைப் படிக்கச் சொல்லுங்க" என்றார். மூன்றாவது வரிசையில் இருந்து ஒருவன் எழுந்தான். புத்தகத்தைப் பிரித்து, விரலை வைத்து, கணீரென்று படித்தான். பாதியில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. வேறு பாடத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பழைய பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தான்.

அதிகாரி கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பாடப்பகுதி உரிய காலத்தில் முடிக்கப்பட்டிருப்பதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் அதைத் தலைமையாசிரியரிடம் சிரிப்பாகச் சொன்னேன். அடுத்த நாள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவனை உட்கார வைத்து 'ப' எது, 'ம' எது என்று கேட்க எனக்கு நேரமில்லை. போர்ஷன் இருந்தது.

இருபது வருஷம் கழித்துக் கூட்டுறவுச் சங்க வாசலில் அவனைப் பார்த்தேன். ஆள் நன்றாக வளர்ந்திருந்தான். மரியாதையாகக் கும்பிட்டான். கையில் பயிர்க்கடன் படிவம். "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றான். படித்துச் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டான். தன் பெயரைப் படம் வரைவது போல வரைந்தான். ஐந்து வருஷம் எங்கள் பள்ளியில் இருந்தவன். என் பதிவேட்டில் அவனுக்கு எல்லாப் பாடமும் 'முடிந்தது'.

இந்த 'முடித்தல்' என்ற வார்த்தையைப் பாருங்கள். பாடத்தை முடிப்பது ஆசிரியர். நாற்பது பிள்ளைகளும் காது கேளாமல் உட்கார்ந்திருந்தாலும் அவர் முடித்துவிடலாம். படிப்பது பிள்ளை. இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் முதல் கோளாறு.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியர்களின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்கு அடுத்த வரியிலேயே, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டம், ஒரே பிரிவு. என் பணிக்காலத்தில் முதல் வரியைப் பற்றிக் கேட்காத ஆய்வு கிடையாது. இரண்டாம் வரியைப் பற்றிக் கேட்ட ஆய்வுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சரி, அந்தப் பட்டியலின் கணக்குக்கு வருவோம். அதே சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. 247 எழுத்து, 200 நாள். நாளைக்கு ஒன்று என்றாலும் கட்டுப்படி ஆகாது. அதனால் என்ன செய்கிறார்கள்? ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று ஒப்பிக்க விடுகிறார்கள். ஒப்பிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பாட்டாக வந்துவிடும். நாமும் ஏமாந்துவிடுகிறோம்.

உண்மையில் பிள்ளை கற்க வேண்டியது 247 அல்ல. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31. மேலே புள்ளி, பக்கத்தில் துணைக்கால், கொம்பு, சுழி என்று குறிகள் ஒரு டஜன். மொத்தம் நாற்பதுக்குச் சற்று மேல். 'கா' தெரிந்து, அந்தக் கால் என்ன வேலை செய்கிறது என்று புரிந்த பிள்ளைக்குப் 'பா'வைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவே சொல்லிவிடும். வாரத்துக்கு இரண்டு என்று போனால்கூட 22 வாரத்தில் எல்லாம் ஆகிவிடும். 200 நாள் என்பது 40 வாரம். மீதி 18 வாரமும் படிக்க, படிக்க, படிக்க.

ஆனால் இந்த 22 வாரமும் ஒரே வேகத்தில் போகாது. பட்டியல் போடுகிறவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். அவர்கள் வருஷத்தைக் கேக் வெட்டுவது போலச் சமமாக வெட்டுகிறார்கள். எழுத்துகள் அப்படி வருவதில்லை. முதல் நான்கு எழுத்துக்கு ஒரு மாதம் ஆகலாம். கோடும் வளைவுமாக இருக்கிற ஒன்று ஒலியைக் குறிக்கிறது என்ற விஷயமே ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புதிது. நாற்றங்காலில் இருபத்தைந்து நாள் நாற்று நிற்கிறதே என்று எந்த விவசாயியும் அவசரப்பட்டுப் பறிப்பதில்லை. அது பிடித்துவிட்டால், அப்புறம் ஒரே வாரத்தில் நாலைந்து எழுத்துகூட ஓடும்.

பிறகு மறுபடி நிற்க வேண்டிய இடங்கள் வரும். 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கண் பார்க்கிற வரிசை வேறு, வாய் சொல்கிற வரிசை வேறு. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்கிறது. கு, சு, து என்று பாருங்கள், உகரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு மாதிரி வளையும். இங்கெல்லாம் மூன்று வாரமாவது நிற்க வேண்டும். மாறாக, ங வரிசையில் ஒரு நாள்கூட நிற்க வேண்டாம். 'ங்' ஒன்று போதும். ஙா, ஙி, ஙீ என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்களே, அந்த எழுத்துகளை அந்தப் பிள்ளை எந்தக் கதைப் புத்தகத்தில் பார்க்கப் போகிறது? அங்ஙனம், இங்ஙனம் என்று எழுதுகிற வயது வரும்போது 'ங' தானாக வரும்.

என் பணியின் பிற்பாதியில் நான் செய்துபார்த்த முறையைச் சொல்கிறேன். பெரிய வித்தை இல்லை. திங்கள் ஒரு புது எழுத்து. செவ்வாய் அதை வைத்துச் சொற்கள். புதன் இன்னொரு எழுத்து. வியாழன் இரண்டையும் பழைய எழுத்துகளோடு கலந்து படிப்பது. வெள்ளிக்கிழமை புதிதாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையாக என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அதுவரை கரும்பலகையில் எழுதாத ஒரு சொல்லைக் காட்டுவேன். ட, ப, ம, புள்ளி தெரியும், 'படம்', 'பட்டம்' படித்தாகிவிட்டது என்றால், 'மடம்' என்று எழுதிக் காட்டுவேன். 'மடம்' என்று சொன்னால் படிக்கிறது. 'படம்' என்று சொன்னால் மனப்பாடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம். முப்பது பிள்ளைக்கு அரை மணி.

வெள்ளிக்கிழமைதான் அடுத்த திங்களை முடிவு செய்யும். முப்பதில் ஐந்து பேருக்கு மேல் தடுமாறினால் அடுத்த வாரம் புது எழுத்து இல்லை. ஐந்துக்குள் இருந்தால் வகுப்பு முன்னே போகும். அந்த ஐந்து பேருக்குத் தினமும் மதிய உணவுக்கு முன் பத்து நிமிஷம் தனியாக. அவ்வளவுதான். வேலைத் திட்டத்தில் தேதியைப் பென்சிலால்தான் எழுதுவேன்.

"அப்படியானால் சூட்டிகையான பிள்ளைகள் காத்துக் கிடக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்குக் கதைப் புத்தகம் கொடுங்கள். பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நம் வேகம் தேவையில்லை, புத்தகம் போதும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தான் நாம் தேவை. அதை விட்டுவிட்டு ஓடினால் நாம் எதற்கு?

"ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், இதெல்லாம் நடக்குமா?" என்பார்கள். அறுபது பிள்ளை வரை இரண்டே ஆசிரியர் என்றுதான் சட்டமே சொல்கிறது. நானும் அப்படிப்பட்ட பள்ளியில் இருந்தவன்தான். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் விட்டதை ஐந்தாம் வகுப்பில் பிடிப்பது அதைவிட நூறு மடங்கு கஷ்டம். அப்போது கணக்குப் புத்தகமும் படிக்க வராது, அறிவியலும் படிக்க வராது.

அரசாங்கத்துக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் வந்ததே செயல்வழிக் கற்றல், அதன் ஏணியும் அட்டைகளும் சொன்னது இதைத்தான்: ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறட்டும். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்தது. இரண்டும் நல்ல யோசனைகள். ஆனால் அட்டை வந்த காலத்தில் "எத்தனை அட்டை முடிந்தது?" என்று கேட்டோம். செல்போன் செயலி வந்தபின் "மதிப்பீட்டை ஏற்றி முடித்தாயிற்றா?" என்று கேட்கிறோம். முப்பருவ முறையில் பை எடை குறைந்தது, நல்லது. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை வந்த 'முடிக்க வேண்டும்' மூன்று முறையாக வந்தது. முறை மாறினாலும் கேள்வி மாறவில்லை.

அந்தக் கேள்வியை அதிகாரிகள் மட்டும் கேட்கவில்லை. நாமும்தான் கேட்கிறோம். என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்கிறேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பேரன் பேத்தியைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது நாம்தான். வாசலில் நின்று டீச்சரிடம் என்ன கேட்கிறோம்? "எத்தனை பாடம் ஆச்சு டீச்சர்? பக்கத்து ஸ்கூல்ல முடிச்சுட்டாங்களாமே?" அந்தப் பெண் என்ன செய்வார்? அடுத்த நாள் இரண்டு வரிசை சேர்த்து ஒப்பிக்க வைப்பார். அவருக்கும் வேலை நிலைக்க வேண்டுமே.

இனிமேல் அந்தக் கேள்வியை விடுங்கள். "என் பேத்தி புதுச் சொல்லைத் தானாகப் படிக்கிறாளா?" என்று கேளுங்கள். "இல்லை சார், இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்று டீச்சர் சொன்னால், "பரவாயில்லைம்மா, மெதுவாகவே போங்க" என்று சொல்லுங்கள். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் எந்தத் தாத்தாவும் சொன்னதில்லை. ஒருவராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்தப் பையனை உட்கார வைத்திருப்பேனோ என்னவோ.

நண்பரின் பேத்தி இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறாள். நேற்று 'பால்' படித்தாள். அப்புறம் 'கால்' என்று எழுதினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தாத்தா சொல்லிக்கொடுக்க வாயெடுத்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளே படித்தாள். மூன்று வாரத்தில் நாங்கள் முடித்தது நான்கு எழுத்து.