பாடம் இலவசம், இருந்து படிக்க இடம் வேண்டும்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் கொட்டாஞ்சேனை மாணவி ஒருத்தி, இன்று ஒரு சதமும் கட்டாமல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் பைதன் நிரலாக்கம் படிக்கலாம். இந்திய ஐ.ஐ.டி.கள் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளையும் கேட்கலாம். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா பெற்றுத்தந்த இலவசக் கல்வியின் அடுத்த படி இது. ‘ஒன்லைன் கோர்ஸ்தானே’ என்று இதைத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால், இத்தகைய இலவசக் கற்கைநெறிகளில் சேர்வோரில் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லை என்பதே உலக அனுபவம். பிள்ளைகளின் சோம்பல் என்று இதற்குக் காரணம் சொல்வதை நாம் ஏற்கவில்லை. மாலையானால் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். வேர்க்க விறுவிறுக்க நெருக்கியடித்து மூன்று மணித்தியாலம் இருக்கிறார்கள். அங்கே குறித்த நேரம் இருக்கிறது, பக்கத்தில் கூட்டாளி இருக்கிறார், ‘போன கிழமை ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். பெற்றோர் மாதாமாதம் காசு கட்டுவது பெரும்பாலும் இதற்குத்தான். இலவசப் பாடத்தில் இல்லாததும் இதுதான்.

வீட்டிலோ பலருக்கு இருப்பது ஒரே கைத்தொலைபேசி. அப்பா ஓட்டோவோடு கொண்டுபோனது இரவில்தான் திரும்பி வரும். டேட்டா மிச்சமிருந்தால் அதன்பிறகு படிப்பு. பைதனில் நிபந்தனை வரியின் முடிவில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டாலே நிரல் ஓடாது. அந்தச் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தியை, பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை தனியே பார்த்துக்கொண்டிருக்கிறது. அருகில் தெரிந்த ஒருவர் இருந்தால் அரை நிமிட வேலை. அவர் இல்லாததால் படிப்பே அன்றோடு நின்றுவிடுகிறது. அதையும் தாண்டி முடித்தால், வெளிநாட்டுத் தளங்கள் பல சான்றிதழுக்கு டொலர் கேட்கின்றன.

எனவே இன்னும் ஓர் இணையத்தளம் நமக்குத் தேவையில்லை. தேவை ஓர் அறையும் ஓர் ஆளும். பாடசாலை விட்டதும் பூட்டப்படும் கணினி அறைகளை வாரத்தில் மூன்று மாலையாவது அதிபர்கள் திறந்துவிட வேண்டும். விழாக்களுக்கும் மண்டபங்களுக்கும் தாராளமாகச் செலவிடும் பழைய மாணவர் சங்கங்கள், வழிகாட்ட ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்கலாம். 1942 முதல் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கம், வெள்ளவத்தையில் நூலகமும் மண்டபமும் உள்ள இடம். அங்கிருந்தே இதைத் தொடங்கலாம். திறந்த கற்கைநெறியை முடித்தவர்கள் எளிதாகத் தேசிய தொழிற்தகைமை பெற அரசு வழிசெய்ய வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்பதால், பாட விளக்கங்கள் தமிழிலும் வர வேண்டும். அதைச் சலுகையாகக் கேட்கத் தேவையில்லை.

கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்யும் தமிழ் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த பாடசாலைக்குப் போய், வாரத்தில் ஒரு மாலை வருவதாக அதிபரிடம் சொல்லுங்கள்.