கட்சிக்கு வெளியே ஒரு நடிகையின் குரல்

கொல்கத்தா: மேற்கு வங்கத்திலிருந்து நடிகர், நடிகைகள் மக்களவைக்கு வருவது 2009 முதல் வழக்கமாகிவிட்டது. அவ்வாண்டு சதாப்தி ராய், தபஸ் பால், 2014-இல் தேவ், 2019-இல் மிமி சக்கரவர்த்தி, நுஸ்ரத் ஜஹான், 2024-இல் ரச்சனா பானர்ஜி, ஜூன் மாலியா, சாயோனி கோஷ் எனத் திரிணமூல் காங்கிரஸ் சார்பில் வென்றோர் பட்டியல் நீளமானது. இடதுசாரி, பாஜக, திரிணமூல் ஆகிய மூன்று ஆட்சிகளையும் எதிர்த்துக் கேள்வி கேட்ட ஒருவரின் பெயர் மட்டும் அதில் இல்லை. அவர் நடிகையும் இயக்குநருமான அபர்ணா சென்.

சத்யஜித் ராயின் 'தீன் கன்யா' (1961) மூலம் சிறுவயதிலேயே திரைக்கு வந்தவர் அவர். 1986 முதல் 2005 வரை 'சனந்தா' மகளிர் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். கலவரத்தின்போது உடன் பயணித்த முஸ்லிம் இளைஞரைத் தன் கணவர் என்று கூறிக் காப்பாற்றும் தமிழ்ப் பெண்ணின் கதையான 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்' (2002), சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது.

நந்திகிராம் முதல்...: நந்திகிராமில் 2007 மார்ச் 14-ஆம் தேதி போலீஸார் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 14 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அங்கு மீண்டும் வன்முறை வெடித்தபோது, அபர்ணா சென் கொல்கத்தா திரைப்பட விழாவைப் புறக்கணித்தார். கட்சிக் கொடிகளின்றி நடைபெற்ற மாபெரும் பேரணியிலும் பங்கேற்றார். 2011-இல் 34 ஆண்டுக்கால இடதுசாரி ஆட்சி முடிவுக்கு வந்தது. எதிர்ப்புக் குரல் கொடுத்த கலைஞர்களில் நாடக இயக்குநர் பிராத்ய பாசு போன்றோர் அமைச்சராயினர். அபர்ணா சென் வெளியிலேயே இருந்தார்.

கும்பல் கொலைகளைக் கண்டித்து 2019 ஜூலையில் 49 பேர் பிரதமர் நரேந்திர மோடிக்குக் கடிதம் எழுதினர். அதில் மணிரத்னம், ரேவதி ஆகியோருடன் அவரும் கையெழுத்திட்டார். இதற்காகப் பிகாரின் முசாஃபர்பூரில் தேசத்துரோக வழக்குப் பதிவு செய்யப்பட்டது. புகார் பொய்யானது எனக் கூறி, சில நாள்களிலேயே போலீஸார் அவ்வழக்கை முடித்துக்கொண்டனர்.

2023-இல் ஊராட்சித் தேர்தல் வன்முறைக்காக மம்தா பானர்ஜி அரசைக் கண்டித்தார். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குச் சென்றார். அங்கே கூடியிருந்தோரில் ஒரு பகுதியினர் அவருக்கு எதிராகவே முழக்கமிட்டனர். எக்கட்சியையும் சாராதவருக்கு எத்தரப்பின் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

கொறடாவின் எல்லை: அவைக்குள் சென்றிருந்தால் அவர் இன்னும் அதிகம் சாதித்திருக்கக் கூடும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கடிதங்களும் பேரணிகளும் சட்டமாவதில்லை. கும்பல் கொலைக்குத் தனித் தண்டனைப் பிரிவு, 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சம்ஹிதாவில்தான் இடம்பெற்றது.

ஆயினும், அவையின் நடைமுறையை அறிந்தோர் மறுபக்கத்தையும் அறிவர். 1985-இல் கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். அவையில் பேசும் நேரமும் கட்சிகளின் பலத்துக்கேற்பவே பகிரப்படுகிறது. சொந்தக் கட்சியின் ஆட்சியில் நடக்கும் அநீதியைச் சுட்டிக்காட்ட விரும்பும் கலைஞருக்கு அங்கு இடம் குறைவு. 2009-இல் யாதவ்பூரில் வென்ற பாடகர் கபீர் சுமன், விரைவிலேயே தன் கட்சித் தலைமையுடன் மோத நேர்ந்தது இதற்கு உதாரணம்.

திரையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் பாதை தமிழகத்துக்கு நன்கு பழக்கமானது. கோட்டையை நோக்கி வெளியிலிருந்தே கேள்வி கேட்கும் பாதைக்கு இங்கு முன்னுதாரணங்கள் குறைவு. அதற்குப் பதவியோ பாதுகாப்போ கிடைக்காது. ஆனால், ஆட்சி மாறும்போது கேள்வியையும் மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அப்பாதையில் இல்லை.